முதல் சிம் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பனமரத்துப்பட்டிப் பக்கம் இன்றைக்குப் போன் இல்லாமல் ஒரு வேலை நடக்காது. விடியும் முன்பே அரளி மொட்டு பறிக்க ஆள் கூப்பிட வேண்டும். சேலம் பூ மார்க்கெட்டில் என்ன விலை போகிறது என்று கேட்க வேண்டும். நூறு நாள் வேலைக் கூலி ஏறியதா என்று பேங்க் மெசேஜ் பார்க்க வேண்டும். கூலிக்குப் போகிற வீட்டில்கூட மூன்று போன் இருக்கிறது, மாசம் பிறந்தால் மூன்று ரீசார்ஜ். அரிசி, எண்ணெய்ச் செலவோடு இதையும் சேர்த்தே வீட்டுக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ரீசார்ஜ் கடையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். பதினெட்டு முடிந்து சொந்தப் பேரில் சிம் எடுக்க வருகிற பிள்ளைகள் வாசலில் நின்றபடியே கேட்பது ஒன்றுதான்: "தாத்தா, எது ரேட்டு கம்மி?" கம்மி ரேட்டு நல்லதுதான் கண்ணு. ஆனால் அதைக் கேட்கும் முன் பார்க்க வேண்டியது ரெண்டு இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. முதலில் டவரைப் பார். உன் வீட்டில், உன் காட்டில் எடுக்காத சிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது தண்டம். நம் ஊரைச் சுற்றி மலை. ஜருகுமலை அடிவாரத்தில் நூறு அடி தள்ளி நின்றாலே சிக்னல் மாறும், மலை மறைத்த பக்கத்தில் ஒரு கம்பெனி எடுக்கும், இன்னொன்று எடுக்காது. கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் மேப் போட்டிருக்கின்றன, பார்த்துக்கொள். ஆனால் மேப் வெட்டவெளிக்கு. உன் வீட்டு கான்கிரீட் தளத்துக்குக் கீழே, அடுப்படி மூலையில் எடுக்குமா என்று அது சொல்லாது.

அதனால் இப்படிச் செய். அக்கம்பக்கத்தில் வேறு வேறு கம்பெனி வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு, நீ இரவு படுக்கிற இடத்தில் நின்று ஒவ்வொரு போனிலும் ஒரு கால் போடச் சொல். மேலே தெரியும் கோடுகளை மட்டும் நம்பாதே. பேசிப் பார், குரல் அறுந்து அறுந்து வருகிறதா என்று கேள். பிறகு காட்டுக்குப் போய் அதையே செய். நெட் தேவை என்றால் ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் ஒரு வீடியோ போட்டுப் பார், எல்லாரும் போனோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அது. பகல் பதினொரு மணிக்கு ஓடுகிற நெட்டை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்து போவாய். இன்னொன்று: சிக்னல் குறைவான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்கிறதே என்று பேட்டரி மாற்றப் போகிறவர்கள் நிறையப் பேருக்குக் கோளாறு பேட்டரியில் இல்லை.

2. அடுத்தது, கையில் இருக்கிற போன். 2016 செப்டம்பர் 5-ல் வந்த ஜியோவுக்கு ஆரம்பத்திலிருந்தே 2ஜி கிடையாது, பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. அவர்களே விற்கிற ஜியோபாரத் பட்டன் போன் விலை குறைவு, ஆனால் அதில் வேறு கம்பெனி சிம் போட முடியாது. ஆயாவுக்கு வாங்கிக் கொடுக்கும்போது இதைத் தெரிந்தே வாங்கு. பிஎஸ்என்எல் 4ஜி நாடு முழுக்க முறையாகத் தொடங்கியது 2025 செப்டம்பர் 27-ல்தான். அது ஓடுவது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில். உன் போன் பெட்டியில் அவற்றுக்குரிய பேண்ட் 28, பேண்ட் 1 ரெண்டும் இருக்கிறதா என்று பார். பேண்ட் 28 இல்லாத போனை வைத்துக்கொண்டு பிஎஸ்என்எல்லைத் திட்டிப் பயனில்லை.

3. இப்போது ரேட்டுக்கு வா. மாசக் கணக்குப் போடாதே, வருஷக் கணக்குப் போடு. 28 நாள் திட்டத்தை மாசத் திட்டம் என்று நினைத்துக்கொண்டு 12-ஆல் பெருக்குகிறார்கள். 28 நாள் என்றால் வருஷத்துக்கு 13 தடவை. 84 நாள் திட்டத்தை நாலு தடவை போட்டாலும் 336 நாள்தான் வரும், மிச்சம் 29 நாளுக்கு மறுபடி கை நீள வேண்டும். எந்தத் திட்டமானாலும் விலையை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொள். அப்போது எந்த விளம்பரமும் உன்னை ஏமாற்றாது. தேதி மாறாமல் மாசா மாசம் போட நினைத்தால், 30 நாள் திட்டம் ஒன்றும், அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-லேயே உத்தரவு போட்டுவிட்டது. கேட்டால்தான் கடைக்காரர் காட்டுவார்.

4. நெட்டே தொடாதவர்களுக்கு நெட் சேர்ந்த திட்டம் போடாதே. இதை நான் அழுத்திச் சொல்வேன். பேரன் வெளியூரில் இருந்து கூப்பிட்டால் எடுத்துப் பேச மட்டும் போன் வைத்திருக்கிற பெரியவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்களும் வருஷக்கணக்கில் ஜிபிக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும், அதன் வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம் என்றது. அதன்படி 2025 தொடக்கத்தில் ஏர்டெல் 365 நாளுக்கு 1849 ரூபாய், 84 நாளுக்கு 469 ரூபாய் என்று கொண்டுவந்தது. ஜியோ 336 நாளுக்கு 1748, 84 நாளுக்கு 448.

கணக்கைப் பார். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஏர்டெல்லில் அளவில்லாமல் பேசுகிற 28 நாள் திட்டம் 199 ரூபாயில் தொடங்கியது. 13 தடவைக்கு 2587 ரூபாய். வருஷத் திட்டம் 1849. ஒரு போனுக்கு 738 ரூபாய் மிச்சம், வீட்டில் ரெண்டு பெரியவர்கள் என்றால் 1476. விலை மாறிக்கொண்டே இருக்கும், நீ போடுகிற அன்றைக்கு இருக்கிற விலையில் இதே கணக்கைப் போட்டுப் பார். இந்தத் திட்டத்தில் வாட்ஸ்அப்பும் ஜிபேயும் ஓடாது என்பதைப் பெரியவரிடம் முன்பே சொல்லிவிடு.

5. மலிவு என்பதற்காக ஒரே கம்பெனியிடம் மொத்தக் காசையும் கொட்டாதே. வருஷத் திட்டம் போடுவதானால், அந்தக் கம்பெனி உன் வீட்டில் ஆறு மாசமாவது ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும். கம்பெனியே மூடிப் போவதும் உண்டு. ஏர்செல் தமிழ்நாட்டில் 1999-ல் வந்தது, நம் ஊரில் பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள். 2018 பிப்ரவரியில் சிக்னல் விழுந்தது, அந்த மாசக் கடைசியில் திவால் மனு. வேறு கம்பெனிக்கு மாற எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றால் அதை அனுப்பவும் சிக்னல் இல்லை. தெருத்தெருவாக ஜனம் கடை வாசலில் நின்றது. நிமிஷத்துக்கு இருந்த கட்டணத்தை நொடிக்கு ஒரு பைசா என்று 2009-ல் மாற்றிக் காட்டிய டாடா டோகோமோவும் இன்றைக்கு இல்லை.

6. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்ற உனக்கு உரிமை உண்டு, தயங்காதே. 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இது நடக்கிறது. ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு உன் பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இலக்கக் குறியீடு ஒன்று வரும், நாலு நாளைக்குச் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போ. தமிழ்நாட்டுக்குள் மாறினால் மூன்று வேலை நாளில் முடிய வேண்டும். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். தொலைந்த சிம்முக்குப் பதில் புதுசு வாங்கினால் ஏழு நாள் பொறு. பழைய சிம்மில் இருக்கிற பேலன்ஸும் மிச்ச நாளும் கூட வராது, அதனால் வேலிடிட்டி முடிகிற வாரத்தில் மாறு. மாறுகிற அன்று சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும், பூ அனுப்புகிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளாதே.

இன்னொரு யோசனை. ரெண்டு சிம் போடுகிற போன் என்றால் பேங்க் நம்பரை நல்ல டவர் உள்ள கம்பெனியில் வைத்து, நெட்டுக்கு மட்டும் மலிவான இன்னொன்றைப் போடலாம். கெட்டால் நெட்தான் கெடும்.

7. பயன்படுத்தாத சிம்மை அப்படியே சாக விடாதே. 90 நாள் ஒரு காலும் எஸ்எம்எஸும் நெட்டும் இல்லாமல் கிடந்தால் நம்பரை எடுத்துக்கொள்வார்கள். மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்து இன்னும் 30 நாள் வைக்க வேண்டும் என்பது 2013 விதி. எடுத்த நம்பரைச் சில மாசத்தில் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். உன் பேங்க் கணக்கும் கேஸ் புக்கிங்கும் ஆதாரும் அந்த நம்பரிலேயே இருந்தால், உன் ஓடிபி முகம் தெரியாத ஆளின் போனுக்குப் போகும். முதலில் இவை எல்லாவற்றிலும் நம்பரை மாற்று, பிறகு சிம்மை விடு.

8. சிம் வாங்கும்போது எதற்காக விரல் வைக்கிறாய் என்று கவனி. "பதியலை, மறுபடி வை" என்று கடைக்காரர் சொன்னால், திரையை உன் பக்கம் திருப்பிக் காட்டச் சொல். உன் பேரில் இன்னொரு சிம் எடுத்து விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதில் நடக்கிற திருட்டுக்குப் போலீஸ் உன் வீட்டுக்குத்தான் வரும். சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் உன் பேரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்கலாம், உன்னுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்.

9. கேட்காத காலர் டியூனுக்குக் காசு போனால் 155223-க்குக் கூப்பிட்டு நிறுத்து.

10. காசு பிடித்தும் திட்டம் ஏறவில்லை என்றால் கடைக்காரரோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதே. 198-க்குக் கூப்பிட்டுப் புகார் பதி, அவர்கள் கொடுக்கிற புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள். எண் இல்லாத புகார் பதிந்த கணக்கே இல்லை. தீர்வு சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. எந்தத் தேதியில் எவ்வளவு போட்டாய், யாரிடம் போட்டாய் என்பது உன் நோட்டில் இருந்தால் அந்தப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடியும்.