மலையேறும் பழைய மாருதிக்குத் தண்ணீர் தூவலாமா?

கேள்வி: எங்களிடம் 1997-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. சாமை, புளி என்று சிறு மூட்டைகளைப் போளூருக்குக் கொண்டுபோவோம். மற்ற நாட்களில் ஊருக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓடும். சில மாதங்களாக மலை ஏறும்போது எஞ்சினில் 'டக டக' என்று தட்டும் சத்தம் வருகிறது. சாவியை அணைத்த பிறகும் இரண்டு மூன்று வினாடி குலுங்கிவிட்டுத்தான் நிற்கிறது. உள்ளே கார்பன் பிடித்திருக்கிறது, ஹெட்டை இறக்கிச் சுரண்ட வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஓடும் எஞ்சினுக்குள் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தூவினாலே கார்பன் கழன்றுவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எஞ்சினுக்குள் தண்ணீரா என்று பயமாக இருக்கிறது. செய்யலாமா? அண்ணனின் டீசல் ஜீப்புக்கும் செய்யலாமா?
வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: உங்கள் மாருதிக்குச் செய்யலாம், கவனமாகச் செய்தால். அண்ணனின் ஜீப்புக்குக் கூடாது. ஆனால் பாட்டிலைக் கையில் எடுக்கும் முன், அந்தக் கார்பன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் தண்ணீர் தூவினாலும் சரி, ஹெட்டை இறக்கிச் சுரண்டினாலும் சரி, சில மாதங்களில் அதே சத்தம் திரும்ப வரும்.

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் கார்பனுக்குப் பொருந்துபவைதான். பிஸ்டன் தலையிலும் ஹெட்டின் உட்புறத்திலும் படிவு ஏற ஏற, கலவை நசுங்கும் இடம் சுருங்கி அழுத்தம் கூடுகிறது. படிவின் விளிம்புகள் கனன்று, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கின்றன. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடுவது அந்தக் கங்கின் வேலையாக இருக்கலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங் முன்னே தள்ளியிருந்தாலும் மேட்டில் தட்டும். ஐட்லிங் அதிகமாக வைத்திருந்தாலோ, சாவியை அணைத்ததும் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்த வேண்டிய சிறு சோலனாய்டு பழுதானாலோ அணைத்தபின் ஓடும். இந்த மூன்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும். முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி, செல்போனில் மாட்டும் சிறு கேமராவை அந்தத் துளை வழியே விட்டால் பிஸ்டன் தலையை நேரிலேயே பார்த்துவிடலாம். கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் என்றால் இன்னும் நல்லது. கார்பன் தடித்த சிலிண்டரில் அழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

கார்பன்தான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி அது ஏன் சேர்ந்தது என்பது. உங்கள் மலையில் இதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. உங்களுக்குப் பக்கத்திலுள்ள காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே போளூரில் டியூன் செய்த அளவிலேயே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். மேலே வந்ததும் கலவை சற்றுக் கெட்டியாகிவிடும். வித்தியாசம் சிறியதுதான் என்றாலும், ஏற்கெனவே கெட்டியாக வைத்திருக்கும் கார்புரேட்டரில் அதுவும் சேரும்போது பிளக் கறுக்கிறது. மலையில் ஓடும் வண்டியை மலையிலேயே வைத்து டியூன் செய்வதுதான் சரி. புகைச் சான்று எடுக்கும் இடத்தில் தாளைச் சும்மா மடித்து வைக்காமல், கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 3 விழுக்காடு. எண் அந்த வரம்பை ஒட்டியோ தாண்டியோ இருந்தால், பெட்ரோல் வீணாகிக் கரியாகிறது என்று அர்த்தம்.

மார்கழிக் குளிரில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, உள்ளே தள்ள மறந்து கடைத்தெரு வரை போய் வருவதும் கார்பனை வளர்க்கும். இரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் சூடேறாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது; பழைய வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. தெர்மோஸ்டாட். ரேடியேட்டர் தண்ணீரை எஞ்சின் சூடாகும் வரை தடுத்து வைக்கும் சிறு வால்வு அது. எப்போதாவது வண்டி கொதித்தால் முதலில் அதைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் நீண்ட நாள் பழக்கம். சென்னை வெயிலில் அதன் விளைவு சட்டென்று தெரியாது. ஜவ்வாது மலையின் குளிர்ந்த காலையில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வெகுநேரம் சூடேறாமலே ஓடும். பெட்ரோல் முழுதாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் ஒட்டும், ஆயிலில் கலக்கும், மிச்சம் கரியாகும். டேஷ்போர்டில் வெப்ப முள் எப்போதும் கீழேயே கிடக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. சிறிய செலவில் சரியாகிவிடும் விஷயம் இது. இதைச் செய்யாமல் ஹெட்டை இறக்குவது பணத்தை வீணாக்குவது என்பேன்.

ஆயிலையும் சோதித்துவிடுங்கள். மலைப்பாதையே அதற்கு நல்ல சோதனைக்கூடம். இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரில் காலை வைக்காமல் போளூர்ப் பக்கம் இறங்குங்கள். அப்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை அதிகம். வால்வு சீல்கள் தேய்ந்திருந்தால் அந்த விசை ஆயிலை உள்ளே இழுத்துவிடும். அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் பின்னால் நீலப் புகை 'புஸ்' என்று கிளம்பினால் சீல் போயிற்று. ஏறும்போதும் விடாமல் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் ரிங் தேய்மானம். இந்த இரண்டில் எது இருந்தாலும் தண்ணீர் தூவிப் பயனில்லை. உங்கள் மெக்கானிக் சொல்வதுதான் சரி, எஞ்சினைத் திறக்க வேண்டும்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொல்வது கட்டுக்கதை அல்ல. ஹெட் கேஸ்கெட் லேசாகக் கசிந்து, ரேடியேட்டர் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருந்த எஞ்சினைத் திறந்து பார்த்த எந்த மெக்கானிக்கையும் கேளுங்கள். மற்ற பிஸ்டன்கள் கரிபிடித்துக் கிடக்க, அந்த ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கும். அடிப்பிடித்த தோசைக்கல்லைச் சூட்டோடு தண்ணீர் தெளித்துச் சுரண்டுவோமே, உள்ளே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். கார்பன் படிவில் நுண்துளைகள் உண்டு. துளி அதில் பட்டதும் சட்டென்று ஆவியாகிறது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 பங்கு இடத்தை அடைக்கும். அந்த விரிவும், திடீர்க் குளிர்ச்சியால் வரும் சுருக்கமும் படிவில் விரிசல் விட்டுத் துகள்களாக உதிர்க்கின்றன. அவை சைலன்சர் வழியே வெளியேறிவிடும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் விடுவதும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து பீய்ச்சினார்கள். கலவையைக் குளிர்வித்து, தட்டல் வராமல் கூடுதல் பலம் பெறுவதற்காக. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய ஆவ்ரோ விமானத்தின் டார்ட் எஞ்சினிலும், வெயில் நாளில் மேலெழும்ப இதே உத்தி இருந்தது. அங்கெல்லாம் தண்ணீரின் அளவு கருவிகளால் கட்டுப்படுத்தப்பட்டது. உங்கள் வீட்டு வாசலில் அந்தக் கட்டுப்பாடு உங்கள் விரலில்தான் இருக்கிறது. அதனால்தான் ஆபத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒன்றுக்குச் சுமார் 265 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மிஞ்சும் இடம் 30 முதல் 35 மில்லி மட்டுமே. தண்ணீர் நசுங்காது. அந்த அளவுக்குமேல் ஒரு சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நின்ற கார்களை, நீர் வடிந்ததும் அப்படியே ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் பலர் எஞ்சினை இழந்தது இதனால்தான். பனிபோல் தூவினால் கதை வேறு. 2,000 ஆர்பிஎம்மில் மூன்று சிலிண்டர்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 3,000 முறை காற்றை இழுக்கின்றன. அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் 25 மில்லி தூவினால் ஒரு முறைக்கு ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்குகூடப் போகாது. ஆகவே தூவலாம், டம்ளரால் ஊற்றுவதோ குழாய் வைப்பதோ வேண்டாம்.

வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில், இரண்டு பேராகச் செய்யுங்கள். மூடிய கொட்டகைக்குள் புகை உயிருக்கே ஆபத்து. முதலில் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும் என்பதால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து சீராக ரேஸ் பிடிக்க, மற்றவர் கார்புரேட்டர் வாய்க்குள் ஒரு தூவல் விட்டு, எஞ்சின் சத்தம் தெளிந்த பிறகு அடுத்த தூவல் விட வேண்டும். எஞ்சின் திணறினால் உடனே நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும், சட்டையும் விரலும் பத்திரம். மொத்தம் கால் லிட்டர் போதும். முடிந்ததும் எஞ்சினை அணைக்கவே கூடாது. உள்ளே ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். ஏர் கிளீனரை மாட்டிக்கொண்டு காவலூர் வரை, மேட்டில் நன்றாக அழுத்தி ஓட்டிப் போய்த் திரும்புங்கள். பிறகு பிளக்குகளைத் துடைத்து, இடைவெளியில் துகள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஒருமுறையில் குறையவில்லை என்றால் இரண்டாவது முறை செய்து பார்க்கலாம். அதற்குமேல் வேண்டாம். கல்லாக இறுகிய படிவும், ரிங் பள்ளத்துக்குள் அடைந்த கரியும் தண்ணீரால் போகாது. ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் வால்வு கிரைண்டிங், புதிய சீல், புதிய கேஸ்கெட் எல்லாவற்றையும் ஒரே வேலையாக முடித்துவிடுங்கள். பிற்காலத்து எம்பிஎஃப்ஐ மாருதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்று வழியில் சென்சார்களும் பின்னால் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் இருப்பதால் இதை வீட்டில் முயல வேண்டாம்.

டீசல் ஜீப்புக்கு ஏன் கூடாது என்றால், அதன் அழுத்த விகிதம் உங்கள் காரைப்போல் இரண்டு மடங்கு. சிலிண்டர் பெரிதாக இருந்தும் பிஸ்டனுக்கு மேல் மிஞ்சும் இடம் மிகக் குறைவு. டீசல் பற்றுவதே நசுங்கிய காற்றின் சூட்டால் என்பதால், தண்ணீர் அந்தச் சூட்டையும் குறைத்துவிடும். ஜீப் கரும்புகை விடுகிறது என்றால் ஏர் பில்டரை மாற்றி, டேப்பட் சரிபார்த்து, நாசில்களைப் பம்ப் கடையில் கொடுத்து அழுத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் பெரும்பாலான கரும்புகை நின்றுவிடும்.