நெறி கட்டுதல்

காலில் முள் தைத்துப் புண்ணாகிவிட்டால், இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் கட்டி ஒன்று தடித்து வலிக்கும். 'நெறி கட்டியிருக்கிறது' என்று கூறும் வீட்டுப் பெரியோர், உடனே காலில் புண் உள்ளதா எனத் தேடுவர். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். இரண்டையும் இணைத்துக் கண்ட அப்பட்டறிவை உடற்கூற்றியலும் ஏற்கிறது.

இரத்தத் தந்துகிகளிலிருந்து திசுக்களிடையே கசியும் நீர்மத்தில் ஒரு பகுதி, நிணநீராக நிணநாளங்களில் சேர்கிறது. அது மீண்டும் குருதியில் கலக்குமுன் நிணநீர் முடிச்சுகளைக் கடக்கிறது. மனித உடலில் ஏறத்தாழ 600 முடிச்சுகள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிற்றின் உட்பகுதி ஆகியவற்றில் அவை கூட்டமாக அமைந்துள்ளன.

முடிச்சு அவரை விதை போன்றது. அதன் குவிந்த பக்கத்தில் பல நாளங்கள் நிணநீரைக் கொணர்கின்றன. குழிந்த பக்கத்தில் ஓரிரு நாளங்களே அதனை வெளியேற்றுகின்றன. உள்ளே மெல்ல ஊரும் நிணநீரிலுள்ள நுண்ணுயிரிகளைப் பெருவிழுங்கு செல்கள் பற்றி விழுங்குகின்றன.

எனினும், முடிச்சை வெறும் வடிகட்டி என்று சொல்லி நிறுத்துவது பொருந்தாது. அது ஒரு சந்திப்புக் களம். ஒரு குறிப்பிட்ட கிருமியை இனங்காணவல்ல டி நிணச்செல்கள் உடலில் மிகச் சிலவே. அவை புண்ணைத் தேடி உடலெங்கும் அலைவதில்லை. புண்ணிலிருந்து கிருமியின் கூறுகளைச் சுமந்துகொண்டு கிளைச்செல்கள் முடிச்சின் துணைப்புறணிக்கு வருகின்றன; குருதிவழி வரும் டி செல்கள் அங்கே அவற்றைச் சோதித்துப் பார்க்கின்றன. பொருந்தாதவை நிணநீருடன் வெளியேறி, குருதியை அடைந்து, வேறொரு முடிச்சுக்குச் செல்கின்றன. நிணச்செல்களின் இவ்வோயாச் சுழற்சியை 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் எலிகளை ஆய்ந்து மெய்ப்பித்தவர் ஜேம்ஸ் கோவன்ஸ். அதுவரை இச்செல்களின் பணியே தெளிவாக அறியப்படவில்லை.

பொருந்திய செல் பன்மடங்காகப் பெருகுகிறது. புறணியிலுள்ள பி நிணச்செல்களும் டி செல்களின் துணையுடன் பெருகுகின்றன. அவற்றுள் சில பிளாஸ்மா செல்களாகி எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. நெறி கட்டுவது இப்பெருக்கத்தின் புறத்தோற்றமே.

புண் ஆறினால் இவ்வீக்கமும் பெரும்பாலும் வடியும். வலியின்றிக் கழுத்தில் வாரக்கணக்கில் நிலைக்கும் கட்டி அத்தகையதன்று. முன்னோர் கண்டமாலை என்றழைத்த நோய், பெரும்பாலும் கழுத்து முடிச்சுகளைப் பற்றும் காசநோயே. உரிய மருந்தினை முழுமையாக உட்கொண்டால் அது குணமாகும். புற்றுநோய்ச் செல்களும் நிணநீர்வழிப் பரவக்கூடும். ஆதலின், மார்பகப் புற்றுநோய் அறுவையில் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் முடிச்சை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர். அதில் நோய் இல்லையெனில் அக்குளின் ஏனைய முடிச்சுகளைப் பெரும்பாலும் அகற்றாமல் விடுகின்றனர்.