இரத்தத்தை நிறுத்தும் பாடம்

போர்க்களத்து வைத்தியம் கடைத்தெருவில் இருக்கும் நமக்கு எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். களத்தில் குண்டு பாய்ந்தாலும், கிட்டங்கியில் கண்ணாடி உடைந்து தொடையைக் கிழித்தாலும் அறுபடுவது ஒரே இரத்தக் குழாய்தான். வளர்ந்த மனிதர் உடலில் இருப்பது சுமார் 5 லிட்டர் இரத்தம். தொடையின் பெரிய குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியக் கூடும். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேருமென்று நம்பியிருக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர்தாம் முதல் வைத்தியர்.

கை காலை இறுக்கி இரத்தத்தைத் தடுக்கும் பட்டிக்கு 'டூர்னிக்கே' என்று பெயர். இதைக் கட்டினால் கால் அழுகிப்போகும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்து வந்தது. முதலுதவி வகுப்புகளிலும் கடைசி வழியென்றே போதித்தார்கள். அந்த அச்சத்தைப் பெரிதும் தீர்த்தது பாக்தாத் நகரம். அங்குள்ள இப்னு சீனா மருத்துவமனை ஈராக் யுத்தத்தின்போது அமெரிக்க இராணுவத்தின் கையில் இருந்தது. 2006-ல் அங்கு இப்பட்டி கட்டப்பட்ட 232 பேரை ஆராய்ந்தார்கள். பட்டியினால் மட்டும் கை கால் இழந்தவர் ஒருவருமில்லை. இரத்தம் வடிந்து உடல் நிலைகுலையுமுன் கட்டப்பட்டவர்களில் 100-க்கு 90 பேர் பிழைத்தனர். நிலைகுலைந்த பின் கட்டப்பட்டவர்களில் 100-க்கு 10 பேரே பிழைத்தனர். பட்டி ஒன்றுதான், நேரம்தான் வேறு.

2013 ஏப்ரல் 15-ல் பாஸ்டன் நகர ஓட்டப்பந்தயத்தில் குண்டு வெடித்தது. 3 பேர் இறந்தனர், 260-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அருகிலிருந்தவர்கள் கிடைத்த துணியையும் இடுப்பு வாரையும் கொண்டு கட்டினார்கள். உயிருடன் மருத்துவமனை சேர்ந்த அனைவரும் பிழைத்தார்கள்.

செய்யும் முறையைச் சொல்வோம். முதலில் சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். சரியாய் நின்றதா என்று நொடிக்கொருதரம் துணியைத் தூக்கிப் பார்ப்பது நம்மவர் வழக்கம், அது கூடாது. இடுக்கிலும் அக்குளிலும் பட்டி கட்ட இயலாது. அங்கே காயத்துக்குள்ளேயே துணியைத் திணித்து அழுத்த வேண்டும். கை காலில் அழுத்தியும் நில்லாவிட்டால், காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, மூட்டை விட்டு விலகிக் கட்டுக. பட்டி இல்லையேல் அகலத் துணியில் ஒரு குச்சியை முடிந்து, இரத்தம் நிற்கும்வரை முறுக்கலாம். சாக்குக் கட்டும் சணல் கயிறு உதவாது, சதையை அறுக்கும். அரைகுறையாய் இறுக்கினால் இரத்தப்போக்கு அதிகமாகும். காயம்பட்டவர் வலியால் அலறுவார். அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வைத்து, வைத்தியர் வரும்வரை அவிழ்க்காமல் விடுக. போர்வையால் மூடுக, ஏனெனில் குளிர்ந்த உடலில் இரத்தம் எளிதில் உறையாது. குடிக்க ஒன்றும் கொடுக்கலாகாது.

பலர் ஒருங்கே விழுந்து கிடந்தால் யாரை முதலில் பார்ப்பது? பதவி பாராமல் காயத்தின் கடுமையையே பார்க்க வேண்டுமென்று நெப்போலியன் படையின் வைத்தியர் லாரே வகுத்தார். கூச்சலிடுபவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமின்றிக் கிடப்பவரிடம் முதலில் ஓடுக.

பட்டி ஒன்றும் துணிக்கட்டுகளும் கல்லாப்பெட்டிக்கு அருகில் இருக்கட்டும். அவை இருக்குமிடம் முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவர் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் வேளையில் கடையில் நிற்கும் பையனுக்கும் தெரிய வேண்டும். அழைக்கும் எண் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.