அம்மா பிறந்தது நுவரெலியா. எனக்கு இரட்டைக் குடியுரிமை உண்டா?

கேள்வி: சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிறேன். அப்பா இதே ஊர்க்காரர். அம்மா 1955-ல் இலங்கையில், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1973-ல் தாத்தா, பாட்டியோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, பிறகு இங்கே வாழ்க்கைப்பட்டார். நான் 1984-லும் தங்கை 1989-லும் சங்கரன்கோவிலில்தான் பிறந்தோம். அம்மாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும், வரும்போது கொண்டுவந்த பழைய இந்திய பாஸ்போர்ட்டும் வீட்டில் இருக்கின்றன. 2006-ல் பிறந்த என் மகனுக்கு இப்போது பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். “உங்க அம்மா சிலோன்ல பிறந்ததால உங்களுக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கு; இலங்கை பாஸ்போர்ட்டும் வாங்கித் தர்றேன்” என்கிறார் ஒரு ஏஜென்ட். “அதை மறைத்து விண்ணப்பித்தால் இந்திய பாஸ்போர்ட்டே போய்விடும்” என்று பயமுறுத்துகிறார் ஒரு சொந்தக்காரர். யார் சொல்வது சரி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சங்கரன்கோவில்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. உங்களுக்கு இருப்பது ஒரே குடியுரிமை. அது இந்தியக் குடியுரிமை. இலங்கைக் குடியுரிமை உங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆகவே மறைப்பதற்கும் ஒன்றும் இல்லை.

உங்களைப் போல ‘தாயகம் திரும்பியோர்’ குடும்பத்துப் பிள்ளைகள் தென்காசி, திருநெல்வேலி, நீலகிரி, திருச்சி என்று பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும் என்பதால் காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் பிறந்த தாய் அல்லது தந்தை வழியாகக் குடியுரிமை வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, நான் பிறந்த நாளில் என் தாயோ தந்தையோ எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தார்? இரண்டு, அந்த நாட்டுச் சட்டம், வெளியே பிறந்த பிள்ளைக்கு அந்தக் குடியுரிமையைக் கொடுத்ததா? மூன்று, கொடுத்திருந்தால் இன்றுவரை அது நிற்கிறதா? இந்த மூன்றில் எதிலும் ‘எங்கே பிறந்தார்’ என்ற கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அம்மா இலங்கைக் குடிமகளா?

பிறந்த மண்ணை வைத்தே குடியுரிமை தரும் நாடுகள் உண்டு. அமெரிக்கா அப்படிப்பட்டது. இலங்கை அப்படியல்ல. 1948 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், பிறந்த இடத்தைப் பார்க்காமல் வம்சாவளியைப் பார்த்தது. அந்த நாளுக்குப் பிறகு இலங்கையில் பிறந்த குழந்தை குடிமகனாக வேண்டுமானால், தந்தை இலங்கைக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர் என்றால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களால் இதைக் காட்ட முடியவில்லை. பிறப்பைப் பதிவு செய்யாதவர்கள்தான் அவர்களில் அதிகம். மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோர் இப்படி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நாடற்றவர்களாகி நின்றார்கள்.

1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பற்றியதுதான். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவின் பங்கில் வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாகப் பதிவாகி, இந்திய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். உங்கள் அம்மா வந்த வழியும் இதுவே.

ஆக, அவர் 1973 வரை இலங்கையில் வாழ்ந்தவர். இலங்கைக் குடிமகள் அல்லர். இந்தியக் குடிமகளாகத்தான் கப்பலேறினார். அந்தப் பழைய பாஸ்போர்ட்தான் இதற்குச் சாட்சி. ஏஜென்ட் காட்டும் பிறப்புச் சான்றிதழ் எங்கே, எப்போது பிறந்தார் என்பதை மட்டுமே சொல்லும். அதில் பெற்றோரின் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்றிருக்கும். அது இனத்தைக் குறிப்பது. அதை வைத்து இந்தியக் குடியுரிமை என்றும் வாதிட முடியாது, இலங்கைக் குடியுரிமை என்றும் வாதிட முடியாது.

முதல் கேள்வியிலேயே உங்கள் விஷயம் முடிந்துவிடுகிறது. அம்மாவிடம் இல்லாத ஒன்று உங்களுக்கு வர வழியில்லை.

அம்மா இலங்கைக் குடிமகளாகவே இருந்திருந்தால்?

யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்களின் பிள்ளைகளும் இதே சந்தேகத்தைக் கேட்பதுண்டு. 2003 வரை இலங்கைச் சட்டத்தில், மணமான பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமே குடியுரிமை போனது. 2003-ல் வந்த 16-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் தாய்க்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. ஆகவே 1984-ல் இந்தியத் தந்தைக்கும் இலங்கைத் தாய்க்கும் இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வந்திருக்காது.

தந்தை இலங்கைக் குடிமகன் என்றாலும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள், அல்லது அமைச்சர் அனுமதிக்கும் கூடுதல் காலத்துக்குள், இலங்கைத் தூதரகம் வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவே செய்யவில்லை என்றால் குடியுரிமையும் இல்லை. பதிவு செய்திருந்தாலும் 22 வயது ஒரு எல்லை. பிறப்பிலேயே இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் வாய்த்தவர் அந்த வயதுக்குள் உரிய நடவடிக்கை எடுக்காவிட்டால் இலங்கைக் குடியுரிமை நின்றுவிடும்.

இந்தியப் பக்கம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிறந்த தேதியை வைத்து மூன்று விதமாகப் பிரிக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஒருசிலருக்கு மட்டும் விலக்கு. நீங்கள் இந்தப் பிரிவில் வருகிறீர்கள். 1986-ல் மண்டபம் முகாமில் இலங்கை அகதிகளுக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதே பிரிவைக் காட்டித்தான் அவர் பிறப்பால் இந்தியர் என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் இருவரும் அகதிகளாக இருந்த அவருக்கே இந்த உரிமை உண்டென்றால், உங்கள் நிலையில் சந்தேகத்துக்கே இடமில்லை.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கு அப்பா, அம்மா இருவருமே அப்படித்தான்.

2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். நீங்கள் இந்தியர், மனைவியும் இந்தியர் என்றால் உங்கள் மகனுக்குச் சிக்கலே இல்லை. அகதி முகாமில் இருப்பவரை மணந்து, அந்தத் தேதிக்குப் பிறகு குழந்தை பெற்றவர்கள் மட்டும் இந்த மூன்றாவது வகையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். விசா இல்லாமல் வந்த அகதியையும் சட்டவிரோதக் குடியேறி என்றே சட்டம் வகைப்படுத்துவதால், அங்கே வழக்கறிஞர் உதவி அவசியம்.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டது

இலங்கை 1987 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம். இந்தியா அதை ஏற்கவில்லை. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் இந்தியர், இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி அந்தக் கணமே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். அரசு ஆணை எதுவும் வர வேண்டியதில்லை. வேறு நாட்டு பாஸ்போர்ட்டை வாங்கியிருப்பதே அதற்கு முடிவான ஆதாரம் என்கின்றன குடியுரிமை விதிகள். 1962-ல் இஸார் அகமது கான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விதியை உறுதி செய்தது. அதன் பிறகும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் வைத்திருப்பதும், உண்மையை மறைத்துப் புதிது எடுப்பதும் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி நடவடிக்கைக்கு உரியவை.

ஓ.சி.ஐ. அட்டையையும் பலர் இரட்டைக் குடியுரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்குத் தரப்படும் நீண்டகால வருகை உரிமை அது. அதில் ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்கவும் முடியாது.

உங்கள் அம்மாவோ நீங்களோ இலங்கைக் குடிமக்களாக இருந்ததே இல்லை என்பதால், வம்சாவளி வழியில் உங்களுக்கு இலங்கை பாஸ்போர்ட் கிடைக்கச் சட்டப்படி வழியில்லை. பணம் கொடுத்து யாராவது வாங்கித் தருவதாகச் சொன்னால், பொய்யான விவரத்தைக் கொடுத்துத்தான் வாங்க முடியும். அப்படி வாங்கினால் இரண்டு நாட்டிலும் வழக்கைச் சந்திக்க வேண்டிவரும். கையில் இருக்கும் இந்தியக் குடியுரிமையும் கேள்விக்குள்ளாகும்.

இனி செய்ய வேண்டியது

மகனின் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு அவருடைய பிறப்புச் சான்றிதழும் வழக்கமான முகவரிச் சான்றும் போதும். பாட்டி பிறந்த ஊரைக் கேட்கும் கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெறவில்லை என்ற உறுதிமொழியில் அவர் தயங்காமல் கையெழுத்திடலாம். அது முழு உண்மை.

உங்கள் பிறப்புச் சான்றிதழில் பெயர், தேதி, பெற்றோர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் சங்கரன்கோவில் நகராட்சியில் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். 1987-க்கு முன் பிறந்த ஒவ்வொருவருக்கும் அந்தத் தேதிதான் ஆதாரம்.

அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து, நோட்டரி சான்றுடன் வையுங்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்ட குடும்பங்கள், கண்டியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் தந்த குடும்ப அட்டை, மண்டபம் முகாம் ஆவணம், தாயகம் திரும்பியோருக்கான ரெப்கோ வங்கியில் பங்கோ கடனோ பெற்ற தாள் என்று கிடைப்பதைத் திரட்டலாம். உங்கள் ஊர் இருக்கும் தென்காசி 2019-ல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய மறுவாழ்வுக் கோப்புகளைத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், சென்னையில் உள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

இலங்கையில் தங்கள் பெயரில் பிறப்புப் பதிவு இருக்குமோ என்று சந்தேகப்படும் மற்ற வாசகர்கள், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் எழுதிக் கேட்கலாம். கேட்பதால் எந்த உரிமையும் போகாது. குடியுரிமை கேட்டு விண்ணப்பித்து அதைப் பெற்றால்தான் போகும். கொழும்புக்குப் போகும் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.