புற்றின் சூடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நாலடி நீள மரப்பெட்டி, முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடி, மேலே சிவப்பு பல்பு, தரையில் ஹீட் மேட், மூலையில் பிளக்கில் செருகினால் சூடாகும் செயற்கைக் கல். வரும் சனிக்கிழமை ராயல் பைத்தான் குட்டி வீட்டுக்கு வருகிறது என்று எழுதியிருந்தாய். உன் சந்தோஷம் அந்த நாலு வரியிலேயே தெரிந்தது. அதனால்தான் அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். முதலில் அந்தக் கல்லை எடுத்து வெளியே வைத்துவிடு.

அந்தக் கல்லின் ஒரு இடம் கொதிக்கும், பக்கத்து இடம் வெதுவெதுப்பாக இருக்கும். சுடுகிற பரப்பிலிருந்து பாம்பு நம்மைப் போலச் சட்டென்று விலகாது. அறை குளிர்ந்து கிடந்தால், வயிறு வெந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் சுருண்டு படுத்திருக்கும். இங்கிலாந்தின் ஜனவரி இரவில் உன் வாடகை அறை எவ்வளவு குளிரும் என்று உனக்கே தெரியும்.

பாம்பு எங்கே இருக்கும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் புற்றில் என்று சொல்லிவிடும். கரையான் கட்டிய வீட்டில் பாம்பு குடியிருக்கும். உன் ராயல் பைத்தானும் அப்படித்தான். பந்து போலச் சுருண்டுகொள்வதால் அமெரிக்காவில் இதை பால் பைத்தான் என்பார்கள். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில், கரையான் புற்றிலும் எலி வளையிலும் பகலெல்லாம் கிடந்துவிட்டு இருட்டிய பிறகு வெளியே வரும். பெனினில் உய்தா என்ற ஊரில் இந்தப் பாம்புக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. நாகருக்குப் பால் ஊற்றிய வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரிந்தபோது, ஏதோ தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்தது போல இருந்தது.

புற்றுக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். வாசலருகே சூடு, உள்ளே போகப் போகக் குளிர்ச்சி. பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வேண்டும்போது சூட்டுப் பக்கம் நகரும், போதும் என்றால் உள்ளே போய்விடும். அந்த நடமாட்டத்தில்தான் அதன் செரிமானமும் நோய் தாங்கும் சக்தியும் இருக்கின்றன. உன் பெட்டியிலும் அந்த இரண்டு முனைகள் வேண்டும். ஒரு பக்கம் 31 முதல் 32 டிகிரி, மறுபக்கம் 25, 26. இரவிலும் 24-க்குக் கீழே போக விடாதே. குளிரில் எலியைத் தின்ற பாம்புக்கு அது செரிக்காது, வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும். அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவன் மறக்கமாட்டான்.

ஒளிந்துகொள்ளும் கூடு ஒன்றைத்தான் உன் படத்தில் பார்த்தேன். இரண்டு வை, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இது கூச்சமான பாம்பு. ஒரே கூடு இருந்தால், சூடு சரியோ தவறோ, அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

இனி தெர்மோஸ்டாட். நீ வாங்கியிருக்கிறாய், நல்லது. ஆனால் அதன் சென்சார் வயரை ஒரு ரப்பர் உறிஞ்சியால் பெட்டியின் சுவரில் ஒட்டியிருக்கிறாய். படத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. காரணம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் முதல் பாம்பின் கண்ணாடித் தொட்டியிலும் சென்சார் அப்படித்தான் ஒட்டியிருந்தது. பிப்ரவரி மாதம். இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து, வழக்கம்போலத் தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். உள்ளே, இரவில் உலாவிய பாம்பு சென்சாரைத் தள்ளிவிட்டிருந்தது. அது உருண்டு போய்த் தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில் கிடந்தது. தெர்மோஸ்டாட் அங்கே 21 டிகிரி என்று படித்திருக்கிறது. குளிர்கிறது என்று எண்ணி, இரவு முழுக்க ஹீட் மேட்டை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறது. மேட்டுக்கு மேலிருந்த தரையை அளந்தபோது 47. பாம்பு எதிர் மூலையில் கிண்ணத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். அடிவயிற்றில் நாலு செதில்கள் பழுப்பேறி, ஓரம் சுருங்கி, நடுவில் நீர் கோத்திருந்தது. மருத்துவர் களிம்பு கொடுத்தார். மரச்சீவலை எடுத்துவிட்டுப் பல வாரம் காகிதம் விரித்து வைத்தேன். மூன்று முறை சட்டை உரித்த பிறகும் அந்த நாலு செதில்கள் மற்றவற்றைப் போல ஆகவில்லை.

தெர்மோஸ்டாட் கெட்டுப்போகவில்லை. எனக்குத் தெரியாமல் இடம் மாறிய சென்சார் சொன்னதை அது நம்பியது, அவ்வளவுதான். எந்தக் கருவியை வாங்கினாலும், நீ வீட்டில் இல்லாத நேரத்தில் இது பிசகினால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டுப் பார். சென்சாரை, சூட்டுப் பக்கத்தில் பாம்பு படுக்கும் இடத்தில், கிளிப் வைத்துத் திருகாணியால் இறுக்கு. உன்னுடையது மரப்பெட்டி, திருகாணி பிடிக்கும். தெர்மோஸ்டாட்டை நம்பாத இன்னொரு டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் வை, குறைந்த அளவையும் கூடிய அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்கு. காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. துப்பாக்கி போன்ற அளவுமானி பரப்பின் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூடு அதில் தெரியாது. முகப்பில் ஒட்டும் வட்ட முள் அளவுமானிகளைக் கடையிலேயே விட்டுவிடு.

ஒன்றை மறந்துவிடாதே. பெட்டிக்குள் எதையும் ஒட்டுநாடாவால் ஒட்டாதே. பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால், விடுபடத் துடிக்கும்போது தோலே கிழியும். அப்படி நடந்துவிட்டால் இழுக்காதே. சமையல் எண்ணெயைத் தடவி, பசை இளகும்வரை பொறுமையாக இரு.

ஹீட் மேட்டின் மேல் மரச்சீவலைக் கனமாகக் கொட்டியிருக்கிறாய். சூடு மேலே வர வழியில்லாமல் கீழேயே தேங்கும். மெல்லியதாகப் பரப்பினால் போதும். மேட்டும் தரையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் போதும். என்னைக் கேட்டால், மரப்பெட்டிக்கு மேலிருந்து வரும் சூடுதான் சரி. செராமிக் ஹீட்டர் வெளிச்சமில்லாமல் சூடு தரும், இரவுக்கு ஏற்றது. ஆனால் அதன் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் உருகிவிடும், பீங்கான் ஹோல்டரே வேண்டும். சுற்றிலும் கம்பிக் கூண்டும் கட்டாயம். உன் சிவப்பு பல்புக்கு அது இல்லை. தரையில் வாழும் பாம்புதானே, மேலே ஏறாது என்று நினைக்காதே. இரவில் ஏறும், சூடான பல்பைச் சுற்றிக்கொள்ளும். கூண்டின் இடைவெளியில் குட்டியின் தலை நுழையாதபடி பார்த்துக்கொள். செராமிக்குக்கு பல்ஸ் வகை தெர்மோஸ்டாட், வெளிச்சம் தரும் சூட்டு பல்புக்கு டிம்மிங் வகை, மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். மாற்றி மாட்டினால் பல்பு விட்டுவிட்டு எரிந்து சீக்கிரம் போய்விடும்.

சிவப்பு வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது என்று கடையில் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். நம்பாதே. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடி வெளிச்சத்தைத் தள்ளிவைக்க அதனால் முடியாது. பகலில் 12 மணி நேரம் வெளிச்சம், பிறகு முழு இருட்டு, இரண்டையும் டைமர் பார்த்துக்கொள்ளட்டும். இருட்டில் அது தவிக்கும் என்று கவலைப்படாதே. ராயல் பைத்தானின் உதட்டோரத்தில் வரிசையாகக் குழிகள் இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். எலியின் உடற்சூட்டை அவற்றால் உணர்ந்துகொள்ளும்.

புற ஊதா விளக்கு வேண்டுமா என்று கேட்டிருந்தாய். சோளப் பாம்புகளுக்கு அந்த வெளிச்சம் கிடைத்தபோது இரத்தத்தில் வைட்டமின் டி கூடியதை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ராயல் பைத்தான்களை அது இல்லாமலே தலைமுறை தலைமுறையாக வளர்த்தும் இருக்கிறார்கள். என் முடிவு, மென்மையான ட்யூப் ஒன்றை வைக்கலாம், அது எட்டாத நிழலும் தாராளமாக இருந்தால். கண்ணாடியின் வழியே அந்தக் கதிர் போகாது, பெட்டிக்குள்ளேதான் மாட்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மாற்று. அல்பினோ குட்டி என்றால் வைக்காதே.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகாதே. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி வழியாகவே எல்லாம் ஓடட்டும். வயர் பிளக்கை அடையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். உன் படத்தில் ஜன்னல் திரை பெட்டியின் மேல் விழுந்து கிடக்கிறது, அதை இன்றே கட்டிவை. ஈரப்பதம் 60 சதவீதம் போல இருக்க வேண்டும். குறைந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும். ஆனால் தண்ணீர் தெளிக்கும்போது எரியும் பல்பில் படக்கூடாது, வெடித்துவிடும்.

மின்சாரம் நின்றால் பதறாதே. பெட்டியைப் போர்வையால் மூடு, அதற்கு முன் எல்லா பிளக்கையும் கழற்றிவிடு. சில மணி நேரக் குளிரை வளர்ந்த ஆரோக்கியமான பாம்பு தாங்கும். அதிகச் சூட்டைத் தாங்காது.

இது சட்டப்படி சரியா என்ற உன் அம்மாவின் கவலையையும் எழுதியிருந்தாய். விஷமில்லாத இந்தப் பாம்பை வளர்க்க இங்கே உரிமம் தேவையில்லை. ஆனால் 2006-ஆம் வருட விலங்கு நலச் சட்டப்படி, அதன் தேவைகளைக் கவனிப்பது உன் கடமை. ஊரிலிருக்கும் உன் மச்சான் சாரைப்பாம்பு பிடித்து வளர்க்க ஆசைப்படுகிறான் என்றாயே, அவனைத் தடு. இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை குட்டியை எடுத்து வராதே. ஒரு வாரம் தள்ளிப்போடு, அதற்காக முன்பணம் போய்விட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை. பெட்டியை வெறுமையாகவே ஏழு நாள் ஓடவிடு. காலையும் மாலையும் இரண்டு பக்கச் சூட்டையும் ஒரு தாளில் எழுது. ஒரு நாள் வெளிக்கதவு வழியே குளிர் அடிக்கும்போதும், ஒரு நாள் அறை ரேடியேட்டர் முழுக்க ஓடும்போதும் அளந்து பார். ஏழு நாளும் எண்கள் சரியாக நின்றால் அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. குட்டியை எடுத்துவர நானும் உன்னோடு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்