குடும்பத்தின் முதல் ஜெட் படகு: தேர்ந்தெடுத்தலும் கோடைக்கு ஆயத்தம் செய்தலும்

நியூஸிலாந்து நாட்டின் தென் தீவில், தென் ஆல்ப்ஸ் மலைத் தொடரிலே பிறந்து கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் பல உள. வைமாக்காரிரி, ரக்காயா, ரங்கிட்டாட்டா, வைட்டாக்கி என்பன அவற்றுட் சில. இவை ஒரே கால்வாயாக ஓடுவதில்லை. அகன்ற கூழாங்கற் பரப்பின்மீது, பின்னிய சடையின் புரிகளைப் போலப் பிரிந்தும் கூடியும் ஓடுகின்றன. ஓரிடத்தில் ஆளை மறைக்கும் ஆழம் இருக்கும். அடுத்த வளைவிலே கணுக்கால் அளவு நீரே இருக்கும். சாதாரண மோட்டார்ப் படகின் விசிறி படகின் அடிக்குக் கீழே சுழல்வதாகையால், இத்தகைய ஆற்றில் அது முதற் கல்லிலேயே மோதி முறிந்துவிடும்.

இவ்விடர்ப்பாட்டிற்கு வழி கண்டவர் வில்லியம் ஹாமில்டன் (1899–1978) என்னும் பண்ணையாளர். ஐரிஷ்மன் கிரீக் என்ற தம் ஆட்டுப் பண்ணையிலேயே பட்டறை அமைத்து இயந்திரங்கள் செய்துவந்தவர் அவர். 1950-களின் முற்பகுதியில், நீரைப் பீச்சி ஓடும் படகு ஒன்றை ஆக்க முற்பட்டார். அந்நாளில் அமெரிக்காவில் கிடைத்த பம்பு ஒன்று நீரைப் படகின் அடிப்புறத்திலே பீச்சிற்று. ஹாமில்டன் அத்தாரையைப் படகின் பின்புறமாக, நீர்மட்டத்திற்கு மேலே பாயச் செய்தார். படகின் வேகம் அதனால் கூடியது. அடிப்புறத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் உறுப்பும் இல்லாதொழிந்தது. 1960-இல் இவ்வகைப் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை, கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் வழியே எதிர்த்து ஏறின. நம் நாட்டிற்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1977-இல் எட்மண்ட் ஹில்லரி தலைமையில் வந்த குழுவினர் மூன்று ஜெட் படகுகளில் கங்காசாகரினின்று புறப்பட்டு, கங்கையை எதிர்த்துச் சென்று, நந்தப்பிரயாகைக்கு அருகே அருவி ஒன்று வழிமறிக்கும்வரை ஏறினர். ஹாமில்டனின் புதல்வர் ஜான் ஹாமில்டன் இவ்விரு பயணங்களிலும் படகோட்டியவர்.

இன்று தென் தீவில் குடும்பங்கள் விடுமுறைக்கென இப்படகுகளை வாங்குகின்றன. அங்கே கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலம். நமக்கு மார்கழியும் தையும். ஆகவே அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே படகை ஆயத்தம் செய்யத் தொடங்குவர். அவ்வேலையின் ஒவ்வொரு கூறும் பௌதிகப் பாடம் ஒன்றைத் தன்னுள் கொண்டிருப்பதால், அதனை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

படகிலேறிய பம்புசெட்டு

ஜெட் படகை விளங்கிக்கொள்ள நம் கிணற்றுப் பம்புசெட்டை அறிந்திருப்பதே போதும். படகின் பின்பகுதியில், அடித்தகட்டிலே ஒரு திறப்பு உண்டு. கற்கள் புகாதவாறு அதன் குறுக்கே கம்பிச் சல்லடை இருக்கும். எஞ்சின் சுழற்றும் இம்பெல்லர் அத்திறப்பின் வழியே ஆற்றுநீரை இழுக்கிறது. இம்பெல்லருக்குப் பின்னுள்ள நிலைத்தகடுகள் நீரின் சுழற்சியை நீக்கி நேராக்க, குறுகிய தாரைவாயின் வழியே நீர் பெருவேகத்துடன் பின்னோக்கிப் பாய்கிறது. நீர் பின்னே தள்ளப்படுவதால் படகு முன்னே தள்ளப்படுகிறது. (தாரை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்க, படகுக்கு மட்டும் ஜெட் என்ற பெயரையே ஆண்டிருக்கிறோம், வழக்கில் வேரூன்றிய பெயரை மாற்றுவது படிப்போர்க்கு இடர் தரும்.)

வகுப்பில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். படகு வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். பம்பு வினாடிக்கு 150 கிலோகிராம் நீரை இழுத்து, படகை நோக்க வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வெளியேற்றுவதாகவும் கொள்வோம். நீரின் வேகம் 10 மீட்டர் கூடியுள்ளது. ஆகவே உந்துவிசை 150-ஐ 10-ஆல் பெருக்க வரும் 1,500 நியூட்டன். படகை நகர்த்துவதில் பயன்படும் திறன் 15 கிலோவாட். நீருக்கு அளிக்கப்பட்ட திறனோ 22.5 கிலோவாட். மூன்றில் ஒரு பங்கு படகின் பின்னே நுரையாகவும் அலையாகவும் வீணாகிறது. அதே தாரை, படகு நின்றுகொண்டிருக்கையில் 3,000 நியூட்டன் விசை தரும்; எனினும் நகர்ச்சி இன்மையால் பயனுறும் திறன் சுழி. மாணாக்கர் இதைக் கேட்டு வியப்பர். வியப்பு தீருமுன் அடுத்த கணக்கிற்குச் செல்க.

ஜெட் படகிற்குச் சுக்கான் இல்லை. தாரையைப் பக்கவாட்டில் திருப்புவதனாலேயே படகு திரும்புகிறது. வினாடிக்கு 150 கிலோகிராம் நீர் 20 மீட்டர் வேகத்தில் பாய்கையில், தாரைவாயை 20 பாகை திருப்பினால், படகின் பின்புறத்தைப் பக்கமாகத் தள்ளும் விசை ஏறத்தாழ 1,026 நியூட்டன். இப்போது ஓட்டுபவர் திராட்டிலை விட்டுவிட, எஞ்சினின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்க. நீரின் அளவும் ஐந்தில் ஒன்றாகும். அதன் வேகமும் ஐந்தில் ஒன்றாகும். ஆகவே பக்கவிசை இருபத்தைந்தில் ஒன்றாகி, ஏறத்தாழ 41 நியூட்டனாகச் சுருங்கிவிடும். இது தோராயக் கணக்கே. ஆயினும் உண்மையின் உருவம் இதுதான்.

இதன் பொருளை நன்கு சிந்திக்க வேண்டும். எதிரே பாறையோ, நீந்தும் குழந்தையோ தென்பட்டவுடன் மனிதன் இயல்பாகச் செய்வது என்ன? வேகத்தைக் குறைப்பது. சாலையில் அது சரியான செயல். காரின் சக்கரங்கள் தரையைப் பற்றியிருப்பதால், வேகம் குறைந்தாலும் கார் திரும்பும். ஜெட் படகிலோ, திராட்டிலை விட்ட கணத்திலேயே திருப்பும் ஆற்றலும் போய்விடுகிறது. படகு தான் சென்றுகொண்டிருந்த நேர்கோட்டில், எதை விட்டு விலக எண்ணினோமோ அதன்மேலேயே, வழுக்கிச் செல்லும். காரோட்டுவதில் பல்லாண்டு தேர்ந்தவர்க்கே இவ்விபத்து எளிதில் நேரும். அவருடைய கையும் காலும் வேறு பாடம் பயின்றவை. சில புதிய ஏரிப் படகுகளில் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யச் சிறு தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை உதவியே அன்றி மாற்று ஆகா.

எனவே, ஜெட் படகை வாங்குதலும் பேணுதலும் ஒரே கேள்வியைச் சுற்றியவை: வேண்டும் கணத்தில் தாரை தடையின்றிப் பாயுமா?

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதற்படகு பெரும்பாலும் பிறர் கைமாறி வந்ததாகவே இருக்கும். ஆற்றிற் செல்ல எண்ணுவோர் அலுமினியப் படகையே தேடுவர். கல்லில் உரசினால் அது நசுங்குமேயன்றி எளிதில் உடையாது. ஏரியில் மட்டும் ஓடுவதாயின் கண்ணாடியிழைப் படகும் போதும்.

பழைய ஆற்றுப் படகின் அடியில் நசுங்கல் இல்லாமலிராது. எந்த இடத்து நசுங்கல் என்பதே கேள்வி. முன்பகுதியிலுள்ள பெரிய பள்ளத்தைவிட, நீர் புகும் திறப்பிற்குச் சற்று முன்னுள்ள சிறு பள்ளம் தீங்கானது. வேகத்தில் அவ்விடத்தில் காற்றுக் குமிழிகள் உருவாகி நேரே பம்பினுள் செல்லும். உறிஞ்சு குழாயில் பொத்தல் விழுந்த பம்புசெட்டு காற்று வாங்கி எவ்வாறு வெறுமனே இரைகிறதோ, அவ்வாறே இதுவும் இரையும். ஆகையால் படகைத் தூக்கி நிறுத்தி, அடியிலே நேர்கோல் வைத்துப் பார்த்தே விலை பேச வேண்டும். பற்றவைத்த மூட்டுகளில் மயிரிழை வெடிப்பு உண்டா என்பதையும் அப்போதே நோக்குக.

அடுத்து இம்பெல்லர். அதன் விளிம்பிற்கும் அதைச் சூழ்ந்த தேய்வளையத்திற்கும் உள்ள இடைவெளி புதிதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. பனியாறுகள் பாறையை அரைத்த மாவு போன்ற வண்டலும் மணலும் இவ்விடத்தை இடையறாது தேய்க்கும். இடைவெளி கூடினால் தள்ளப்பட்ட நீர் மீண்டும் பின்னோக்கிக் கசியும். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் படகு விரையாது. பொறுக்கத்தக்க அளவு ஒவ்வொரு தயாரிப்பாளரின் கையேட்டிலும் உண்டு. உந்தி அளக்கும் இடைவெளித் தகடு ஒன்றும், கை விளக்கு ஒன்றும் இருந்தால் இதனை எவரும் அளந்துவிடலாம். விற்பவர் இதற்கு இணங்காவிடில் வேறு படகு பார்ப்பதே நலம்.

எஞ்சின் பெரும்பாலும் கார் எஞ்சினே. பலவற்றில் அதைக் குளிர்விக்கும் நீரும் ஜெட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்நாட்டு உள்மலைப் பகுதிகளில் குளிர்காலத்தில் உறைபனி கடுமையானது. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும் என்பது நாம் வகுப்பில் கற்பிப்பதே. வடிக்காமல் விட்ட எஞ்சினின் வார்ப்பிரும்பு அதனாலே பிளந்துபோகும். எஞ்சினின் பக்கங்களில் பழைய வெடிப்பை அடைத்த தடயம் உண்டா என்று பார்த்தல் ஆகவே இன்றியமையாதது.

இறுதியாக, குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றிக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பவர் ஒருவரோடு பறந்த படகு, ஐவரும் உணவுப் பெட்டியும் ஏறியபின் நீரின்மேல் எழுந்து சறுக்க முடியாமல் உழுதுகொண்டு செல்வதுண்டு. ஆழமற்ற நீரை அவ்வாறு எழுந்து ஓடினாலன்றிக் கடக்க இயலாது. முதற் குடும்பத்திற்கு மிகுவேக எஞ்சின் எதற்கு என்று கேட்கத் தோன்றும். என் கருத்தில், எஞ்சினைக் கூட்டுவதினும் சுமையைக் குறைப்பதே அறிவுடைமை.

கோடைக்கு ஆயத்தம்

மாதக்கணக்கில் நின்ற படகிற்கு முதல் வேலை பழைய பெட்ரோலை வடித்துப் புதியது இடுதல். பிறகு பேட்டரி, எண்ணெய், நீர்க்குழாய்கள், அடிக்குழி நீரை இறைக்கும் சிறு பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஜெட்டின் தாங்கிகளுக்குக் கிரீஸ் இட்டு, சுக்கான் சக்கரத்தை இரு கோடிகளுக்கும் திருப்பி, தாரைவாய் தடையின்றி அசைகிறதா எனக் காண்க. இம்பெல்லர் விளிம்பில் கல் பட்ட வெட்டுகளை அரத்தால் மட்டமாக்க வேண்டும். சிறு வெட்டேயாயினும் அது நீரோட்டத்தைக் கலைத்து, குமிழிகளை உண்டாக்கி, உலோகத்தையே அரிக்கும்.

பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. அது படகின் அடிக்குழியில் குளம்போலத் தேங்கிநிற்கும். எஞ்சின் அறையில் காற்று வெளியேற்றும் விசிறி இருப்பின், கிளப்புமுன் நான்கு நிமிடமேனும் அதை ஓடவிட வேண்டும். மூக்காலும் முகர்ந்து பார்க்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னொரு செய்தியைப் பெற்றோர் பலர் அறியார். இப்படகுகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் இம்பெல்லருக்கும் இடையே கியர் இல்லை. எஞ்சின் ஓடும்வரை இம்பெல்லரும் சுழன்றுகொண்டேயிருக்கும். படகு நிற்பது, தாரையின்மேல் வாளி போன்ற ஒரு மூடி இறங்கி அதை முன்னும் பின்னுமாகச் சமன்படுத்துவதால்தான். நிற்கும் படகின் அடியிலும் நீர் உறிஞ்சப்படுகிறது; தளர்ந்த கூந்தலும், கயிறும், ஆடையும் அதிற் சிக்கும். பின்புறத்துப் படியில் குழந்தைகள் ஏறி இறங்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுதல் வேண்டும். சல்லடையில் களை அடைத்துக்கொண்டால் எஞ்சினின் இரைச்சல் உயரும், படகு தளரும். அப்போதும் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின்னரே மூடியைத் திறந்து கைவிடலாம்.

முதல் நாள்

முதல் ஓட்டத்திற்கு ஆறு வேண்டாம். அகன்ற, ஆளரவமற்ற ஏரி நன்று. மிதவை ஒன்றை நீரிலிட்டு, அதை நோக்கி மிதமான வேகத்தில் சென்று, திராட்டிலை விடாமல் விலகித் திரும்பிப் பழக வேண்டும். ஒருமுறை வேண்டுமென்றே, மிதவைக்கு வெகு தொலைவிலேயே, திராட்டிலை விட்டுப் படகு எவ்வளவு தூரம் நேராக வழுக்குகிறது என்பதையும் காணலாம். வீட்டில் படகோட்டப்போகும் ஒவ்வொருவரும், கணவனும் மனைவியும் தனித்தனியே, இதைச் செய்தல் வேண்டும்.

ஆற்றில் இறங்கும்போது முழங்காலுக்கு மேற்பட்ட நீரிலேயே எஞ்சினைக் கிளப்புக. ஓடும் படகு பத்து சென்டிமீட்டர் நீரில் சறுக்கிச் செல்லக்கூடும். நிற்கும் படகோ ஆழ அமிழ்ந்து, அடியிலுள்ள கூழாங்கற்களை உறிஞ்சும். அந்நாட்டில் பொழுதுபோக்குப் படகோட்டிக்கு உரிமம் தேவையில்லை. ஆயினும், படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவொத்த மிதவைச் சட்டை இருத்தல் வேண்டும். கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், பிற படகுகளிலிருந்தோ நீந்துவோரிடமிருந்தோ 50 மீட்டருக்குள்ளும் மணிக்கு 5 கடல்மைலுக்கு மேல் செல்லலாகாது. சில ஆறுகளில் மட்டும் இவ்வரம்பிற்கு விலக்கு உண்டு. ஆற்றில் வலப்புறமே ஒட்டிச் செல்ல வேண்டும். எதிர்த்து ஏறும் படகு, நீரோடு இறங்கிவரும் படகிற்கு வழிவிட வேண்டும். இறங்கும் படகை நீரும் சேர்ந்து தள்ளுவதால் அதற்கு விலகும் வாய்ப்புக் குறைவு.

மாலையில் படகை டிரெய்லரில் ஏற்றியதும், அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை வடிப்பர். மறுநாள் அதை மாட்ட மறந்து படகை நீரில் இறக்கிவிடுதல் எளிதில் நேரக்கூடியது. கழற்றிய அடைப்பானை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவைத்தால், அதைக் கையில் எடுக்காமல் எஞ்சினைக் கிளப்ப முடியாது.