கடல் கடந்த விரைவு வண்டி

விரைவு வண்டியானது தலைநகரத்து நிலையத்துள் நுழைந்து நிற்றலே நாம் அறிந்த வழக்கம். சென்னை எழும்பூரினின்று புறப்பட்ட 'போட் மெயில்' என்னும் வண்டியோ, தான் ஒருநாளும் சென்று காணாத கொழும்பு மாநகரைச் சென்னையோடு இணைத்துவந்தது. அஃது எங்ஙனம் என்று பார்ப்போம்.

முன்னாளில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியிற் கப்பலேறி நெடுந்தூரம் கடலிற் செல்லவேண்டியிருந்தது. 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், இருப்புப்பாதை தனுஷ்கோடித் துறைவரை நீண்டது. அத்துறையில் வண்டியினின்றிறங்கிய பயணிகள் நீராவிக் கப்பலேறி, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து தலைமன்னாரை அடைவர். அங்கே கொழும்பு செல்லும் வண்டி காத்திருக்கும். வண்டி இரண்டு, கப்பல் ஒன்று. பயணச்சீட்டோ முழுவழிக்கும் ஒன்றே.

கடல்மீதும் பாலமிட்டு வண்டியை நேரே செலுத்தியிருக்கலாகாதோ என்று நண்பர்கள் வினவலாம். அவ்வெண்ணம் எழுந்ததுண்டு, பெருஞ்செலவு கருதி விட்டனர். பாலம் அமைந்திருப்பினும் நம் வண்டி அதன் அக்கரையில் ஓடியிராது. நம் பக்கத்துத் தண்டவாளங்களின் இடையகலம் ஒரு மீட்டர். இலங்கைப் பக்கத்திலோ 5 அடி 6 அங்குலம்.

இவ்விணைப்பு எல்லார்க்கும் ஒரே தன்மையதாயிருந்தது என்று எண்ணற்க. இதே பாதையில் வந்த தோட்டத் தொழிலாளர் மண்டபத்தில் இறக்கப்பட்டனர். இலங்கை அரசாங்கத்தார் அங்கு நடத்திய முகாமில், தொற்றுநோய் இல்லையென்று உறுதிப்படுமட்டும் அவர்கள் நாட்கணக்கில் தங்கவேண்டும். மேல்வகுப்புப் பயணிக்கு மறுகரை சில மணி நேரத் தொலைவே; கூலியாளுக்கோ மண்டபத்து வேலி முதலிற் கடக்கவேண்டிய கடலாயிற்று. அவர்கள் நாடிச்சென்றதும் கொழும்பையன்று, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை. வண்டியின் புகழைப் பேசுவோர் இதனை ஏனோ பெரும்பாலும் பேசுவதில்லை.

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாளிரவு எழுந்த புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. அதனை நோக்கிச் சென்ற பயணி வண்டியொன்றும் மக்களோடு அலைவாய்ப்பட்டது. பாம்பன் பாலம் 46 நாட்களிற் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. பின்னர் இராமேசுவரத்தினின்று சென்ற கப்பலும், இலங்கையில் மூண்ட போரினால் 1980களில் நின்றது.

2007ஆம் ஆண்டில் இராமேசுவரப் பாதை அகலப்பாதையாக்கப்பட்டது. போரிற் சிதைந்த தலைமன்னார்ப் பாதையும் 2015ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. கப்பல் ஓடிய நாளிற் பொருந்தாத தண்டவாளங்கள் இரு கரையிலும் ஒத்த அகலமாய் நின்றன. அப்போது இடையே கப்பல் இல்லை. இராமேசுவரத்தோடு நின்றுவிடும் அவ்வண்டியை மக்கள் இன்றும் 'போட் மெயில்' என்றே வழங்குகின்றனர்.